பிரமாதமான வெள்ளாமை

தீங்கு நினையாத ஒருவரின் செயலால் அவர் காணாத இடத்தில் வேறொருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அது செய்தவரின் வினையாகுமா என்பது இந்திய அறநெறிகள் நெடுங்காலம் வாதிட்ட வினா. அவ்வினாவைக் கொங்கு நாட்டின் கிணறுகள் இன்று மீண்டும் எழுப்புகின்றன.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களின் அடிநிலம் பெரும்பாலும் கடும்பாறை. அதன் வெடிப்புகளிலும், மேலே சிதைந்து கிடக்கும் பாறை மண்ணிலும் மட்டுமே நீர் தங்குவதால், சேர்ந்த மாசை நீர்க்கச் செய்யும் அளவுக்கு அங்கே இருப்பு இல்லை. வாழைக்கும் மஞ்சளுக்கும் கரும்புக்கும் இடப்படும் யூரியா, மண்ணின் நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுகிறது. களிமண் துகள்களைப் போலவே நைட்ரேட்டும் எதிர்மின் தன்மை உடையதாகையால் மண் அதைப் பற்றிக்கொள்ளாது. பயிர் உண்டது போக எஞ்சியது பாசன நீரோடு இறங்கிவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரையே இது இருக்கலாம் என்பது இந்தியத் தரவரையறை. அவ்வரையறையை மிகவும் மீறினால், கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். நொய்யலில் கலந்த சாயக்கழிவு கண்ணுக்குத் தெரிந்தது, நீதிமன்றம் வரை சென்றது; நைட்ரேட்டுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை, இன்னார் காட்டிலிருந்து வந்தது என்று சுட்டிக் காட்டக்கூடிய வாய்க்காலும் இல்லை.

1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலவுடைமையோடு பிணைத்தது. ஆயினும் பாறை வெடிப்பு வரப்பறியாது. ஆகவே உரிமை எதுவரை என்பதற்குச் சட்டம் தரும் விடை, பொறுப்பு எதுவரை என்பதற்கு விடையாகாது.

எண்ணமே வினை என்பது பௌத்தம். அந்த அளவுகோலால் உழவர் குற்றமற்றவர். கொங்கின் விஜயமங்கலத்தில் இன்றும் கோயில் நிற்கும் சமணமோ, நீரையே உயிருடையதாகக் கருதியதோடு, கொலைநோக்கம் இல்லாவிடினும் கவனமின்மையால் உயிருக்கு நேரும் ஊறு இம்சையே என்றது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் அக்கவனமின்மையைப் ‘பிரமாதம்’ என்னும் சொல்லடியால் குறிக்கிறது. வள்ளுவர் இதற்குப் ‘பொச்சாப்பு’ என்று பெயரிட்டு, அதனைத் தவிர்ப்பதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார்.

எனினும் இப்பொறுப்பை உழவர் தலையில் மட்டும் ஏற்றுவது நீதியன்று. ஊனுண்ணுதல் பற்றிப் பௌத்தரோடு வாதிடும் சமணக் காப்பியமாகிய நீலகேசி, கொன்றவரோடு நில்லாமல் வாங்கி உண்பவரையும் வினையில் சேர்க்கிறது. அவ்வழியில் எண்ணினால், யூரியாவை மானியத்தால் மலிவாக்கிய அரசும், மோட்டார்களுக்கு இலவச மின்சாரம் வழங்கிய கொள்கையும், குறைந்த விலைக்குக் காய் கேட்கும் நகரமும் அந்த வினையில் பங்காளிகளே. அறியாதவரை நீரை மாசாக்குவது பிழை. அறிந்த பின் மண்ணாய்வும், உரத்தைப் பயிரின் தேவையறிந்து பிரித்து இடுதலும், சொட்டுநீரும் தொழில்நுட்பத் தெரிவுகளாக மட்டும் நில்லாமல் நோன்பின் தன்மை பெறுகின்றன. அவற்றின் செலவை ஏற்பது ஏனையோரின் நோன்பு.

கவனப்பிழையைக் குறித்த ‘பிரமாதம்’ என்னும் சொல், தமிழ்ப் பேச்சில் மிகச் சிறப்பானதைப் பாராட்டும் சொல்லாக மாறிவிட்டது. வெள்ளாமை பிரமாதம் என்று மகிழும்போது, அச்சொல்லின் பழைய பொருள் கிணற்றடியில் காத்திருக்கிறது.