இடிக்கிற கணக்கு

நான் பி.காம். தண்ணீருக்கும் எனக்கும் உள்ள உறவு, குழாயைத் திறந்தால் வருமா, வராதா என்கிற அளவில்தான். அப்படிப்பட்ட என்னிடம், எம்.டெக். படிக்கும் நண்பரின் மகன் ஒரு சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். திரையில் ஒரு குழாய். ஓரமெல்லாம் சிவப்பு, நடுவில் நீலம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“அங்கிள், கணக்கு இடிக்குது” என்றான்.

கணக்கு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது நம்ம டிபார்ட்மென்ட்.

விஷயம் இதுதான். 10 மீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய். நிஜக் குழாய் இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற குழாய். அதில் விநாடிக்கு 10 கிராம் வீதம் தண்ணீர் நிதானமாக ஓடுகிறது. நுழையும்போது 30 டிகிரி. குழாய்ச் சுவர் வழியாக 418 வாட் வெப்பம் கொடுக்கிறான். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். 10 கிராமுக்கு 41.8. 418-ஐ 41.8-ஆல் வகுத்தால் 10. ஆக, தண்ணீர் 40 டிகிரியில் வெளியே வரவேண்டும். வழியில் கசிவு இல்லை, தேக்கம் இல்லை. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, அவ்வளவுதான். இதற்கு பி.காம். போதும்.

ஆனால் குழாயின் வாயில் சராசரி எடுத்தால் 41.3 டிகிரி காட்டுகிறதாம். அதாவது, அவன் கொடுக்கவே கொடுக்காத 54 வாட் எங்கிருந்தோ முளைத்திருக்கிறது. நூற்றுக்குப் பதிமூன்று. கல்லாவில் பணம் குறைந்தால் மட்டுமல்ல, அதிகமாக இருந்தாலும் முதலாளிக்குத் தூக்கம் வராது.

“ஒரு பர்சென்ட்டுக்குள்ள இருக்கணும்னு கைடு சொல்லிட்டார். நாளன்னைக்கு சப்மிட் பண்ணணும். அந்த 4.18-ஐ 3.7-னு போட்டுட்டா டேலி ஆயிடும் அங்கிள். யாரும் பார்க்க மாட்டாங்க.”

சுருக்கென்றது. அவனைச் சொல்லி அல்ல.

படிப்பு முடிந்த புதிதில் நான் ஓர் ஆடிட்டரிடம் எடுபிடியாக இருந்தேன். ஒரு கடையின் டிரயல் பாலன்ஸில் 27 ரூபாய் இடித்தது. இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள், சில்லறைச் செலவு என்று 27 ரூபாயை எழுதி முடித்துவிட்டேன். அழகாக டேலி ஆயிற்று. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 63 என்பதை 36 என்று எழுதியிருக்கலாம் என்ற பாலபாடம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த 27-ஐப் பற்றி இன்றுவரை யாரும் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

“இன்னும் ஒரு ராத்திரி இருக்கே, தேடிப் பாரேன்” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை போன். கண்டுபிடித்துவிட்டான். குழாயின் சுவரை ஒட்டிய தண்ணீர் மெதுவாகப் போகும், அதிகம் சூடாகும். நடுவில் இருப்பது வேகமாக ஓடும், அவ்வளவு சூடேறாது. இவன் எல்லாத் தண்ணீருக்கும் ஒரே ஓட்டு என்று இடத்தை வைத்துச் சராசரி எடுத்திருக்கிறான். எது எவ்வளவு வெளியே வருகிறதோ அந்த எடைப்படி எடுத்தால், சமர்த்தாக 40! கம்ப்யூட்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. இவன் கேள்விதான் தப்பு. 3.7 என்று திருத்தியிருந்தால், சரியான விடையின் மேல் ஒரு பொய்யைப் போட்டு மூடியிருப்பான்.

இத்தோடு நிறுத்தினால் நீதிக்கதை. ஆனால் பையன் இன்னொன்றும் சொன்னான். டேலி ஆவதாலேயே விடை சரி என்று ஆகிவிடாதாம்.

சுஹாஸ் பாடன்கர் என்ற இந்திய விஞ்ஞானி 1980-ல் எழுதிய புத்தகம் இந்தத் துறையில் பிரசித்தம். அவர் விளக்கும் முறையில் குழாயைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு பெட்டியிலிருந்து வெளியேறும் வெப்பம் அப்படியே பக்கத்துப் பெட்டியில் வரவு. நம்ம இரட்டைப் பதிவு மாதிரி. அதனால் பெட்டிகள் எவ்வளவு பெரிதாக, முரட்டுத்தனமாக இருந்தாலும் கணக்கை முழுசாகப் போட்டு முடித்தால் மொத்தம் டேலி ஆகிவிடும். ஆனால் சுவரின் சூடு எக்கச்சக்கமாகத் தப்பாக இருக்கலாம். நிஜத்தில் குழாய் பொசுங்குவது சுவரில்தான்.

கணக்குப்பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. ரெண்டு தப்பு ஒன்றையொன்று சரிக்கட்டி நிற்பதை எத்தனை பேரேடுகளில் பார்த்திருக்கிறோம்! டேலி ஆகவில்லை என்றால் எங்கோ தப்பு என்பது நிச்சயம். டேலி ஆனால்? எதுவும் நிச்சயமில்லை.

அப்படியானால் சரிபார்த்து என்ன லாபம்? லாபம், அந்த இடிக்கிற இடத்தில் இருக்கிறது. அங்கேதான் நாம் யார் என்று நமக்கே தெரியும்.

கணக்கியலில் அனாமத்துக் கணக்கு என்று ஒன்று உண்டு. வித்தியாசத்தை ஒளிக்காமல், “இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது, காரணம் இன்னும் தெரியவில்லை” என்று பெயர் வைத்து எழுதுவது. பீட்டா சிதைவில் அணுக்கரு இழக்கும் சக்தியை விட, வெளியே வரும் எலெக்ட்ரானிடம் இருப்பது குறைவு. சக்தி அழியாது என்ற விதியையே கொஞ்சம் தளர்த்தலாமா என்று நீல்ஸ் போர் போன்ற பெரியவரே யோசித்தார். 1930-ல் வோல்ஃப்காங் பௌலி, கண்ணில் படாத ஒரு துகள் மீதிச் சக்தியை எடுத்துப் போகிறது என்று துணிந்து அனாமத்தில் எழுதினார். 1956-ல் ரைன்ஸும் கோவனும் அந்த நியூட்ரினோவைப் பிடித்தார்கள். 26 வருஷம் கழித்து அனாமத்து நேரானது.

எனது 27 ரூபாயும் அனாமத்தில் இருந்திருந்தால், பின்னால் யாராவது தேடியிருப்பார்கள். சில்லறைச் செலவில் போட்டுத் தேடலையே கொன்றுவிட்டேன். தப்பு செய்ததைவிட, தப்பு இருந்த தடயத்தை அழித்தது பெரிய பாவம் என்று இப்போது தோன்றுகிறது.

பையன் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டான். முதலில் 41.3 வந்ததையும், ஏன் வந்தது என்பதையும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறானாம்.

“கைடு திட்டலையா?”

“அந்தப் பக்கத்தைத்தான் அங்கிள் ரெண்டு தடவை படிச்சார்.”