120 வரை எண்ணுகிறேன்

இரவு ஒன்றே முக்கால். பல்லடம் ரோட்டில் ஒரு சிக்னல் சிவப்பிலேயே நிற்கிறது. விநாடி காட்டும் பலகை அணைந்து கிடக்கிறது. கிளையன்ட் கால் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒரு அண்ணன், ஒன்றரை ஷிப்ட் முடித்த களைப்போடு. மூன்று நிமிடம் நின்றோம். "தம்பி, இது வேலைக்கு ஆகாதுங்க. பாத்துட்டுப் போயிருவோமுங்க" என்றார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனோம். அதில் தப்பு இருந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அடுத்த வாரமே சிக்னலைச் சரிசெய்துவிட்டார்கள். அதற்குள் எனக்குப் பழக்கமாகிவிட்டது. மூன்று நிமிடம் ஒரு நிமிடமானது. பிறகு வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினாலே போதும் என்றானது. ஒருநாள் இரவு, நன்றாக வேலை செய்கிற சிக்னலிலேயே தாண்டினேன். செக்கிங் வேலை முடித்து ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு அம்மா பதறிப் பின்வாங்கினார். கையிலிருந்த டிபன் பாக்ஸ் உருண்டோடியது. "பாத்துப் போ சாமி" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றைக்குத்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் பல சிக்னல்கள் சாலைக்கடியில் புதைத்த கம்பிச் சுருளை நம்பி இயங்குகின்றன. மேலே வண்டி நின்றால் அதன் உலோகம் சுருளின் மின்தூண்டலை மாற்றும். வண்டி வந்திருப்பது சிக்னலுக்குத் தெரியும். காருக்கு இது ஒழுங்காக நடக்கும். பைக்கில் உலோகப் பரப்பு குறைவு என்பதால் சில சமயம் தெரியவே தெரியாது. வேறு வண்டி வராவிட்டால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதற்காக மின்னசோட்டா மாநிலம் 2002-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வண்டியை முழுதாக நிறுத்தியிருக்க வேண்டும். நியாயமில்லாத அளவு நேரம் சிவப்பு நீடித்திருக்க வேண்டும். சிக்னல் பழுதாகவோ வண்டியை உணராமலோ இருப்பதாகத் தெரிய வேண்டும். ஆபத்தான தூரத்தில் வண்டியோ ஆளோ வரக்கூடாது. இவ்வளவும் இருந்தால் வழக்கில் தற்காப்பாகச் சொல்லலாம். நிரூபிப்பது ஓட்டியவர் பொறுப்பு. பின்னால் விஸ்கான்சின் 45 விநாடி என்றது, இல்லினாய் 120 விநாடி என்றது.

அந்த எண்தான் என்னை நிறுத்தியது. மென்பொருளில் இதை டைம்அவுட் என்போம். பதில் தராத சர்வருக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை நிதானமாக இருக்கும்போதே எழுதிவைத்துவிடுவோம். எரிச்சலில் இருக்கிற ஆளிடம் அந்த முடிவை விடுவதில்லை.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிவப்பு விளக்கைத் தாண்டுவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. எவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. எழுதிவைத்தால் எல்லாரும் அதையே சாக்காக்குவார்கள் என்பார்கள். எழுதாததால் மட்டும் என்ன நடந்தது? ஆளாளுக்கு ஒரு டைம்அவுட் வைத்துக்கொண்டோம். நானே வைத்த எண்ணைக் குறைக்க நான் யாரைக் கேட்க வேண்டும்?

திருப்பூர்க்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான். சாயக்கழிவை நொய்யலில் விடக்கூடாது என்று விதி இருந்தது. சுத்திகரிக்கச் செலவு தாங்காது என்ற பேச்சும் இருந்தது. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனால் எவ்வளவு விடலாம், எத்தனை நாள் விடலாம் என்பதை விட்டவர்களே முடிவு செய்தார்கள். முதலில் விலை கொடுத்தவர்கள் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது வேலை இழந்தவர்கள் தொழிலாளிகள். விதிவிலக்கை எடுத்துக்கொள்கிறவர் ஒருவர், அதற்கு விலை கொடுக்கிறவர் இன்னொருவர். என் கணக்கில் அது அந்த டிபன் பாக்ஸ் அம்மா.

இப்போது சிக்னல் பழுது என்று தோன்றினால் 120 வரை எண்ணுகிறேன். நம் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிடித்தால் அபராதம் கட்டத்தான் வேண்டும். ஆனால் பழுது என்று நான் நினைத்தவற்றில் பாதி, எண்ணி முடிப்பதற்குள் பச்சையாகிவிடுகிறது.