பூனைக்குட்டிப் பயனர்கள்

ஆப்பிள் கம்பெனியில் மேகிண்டோஷ் கணினி உருவாகிக்கொண்டிருந்த 1980-களின் தொடக்கத்தில், அதன் மின்சுற்றுப் பலகையை வடிவமைத்த பரெல் ஸ்மித் ஒரு சின்னத் திருட்டு வேலை பார்த்தார். பின்னாளில் கூடுதல் அட்டைகளைச் செருகிக்கொள்ள ஒரே ஒரு செருகுவாயாவது வேண்டும் என்பது அவர் ஆசை. ஸ்டீவ் ஜாப்ஸ் கூடவே கூடாது என்றுவிட்டார். ஸ்மித் அதே செருகுவாய்க்குப் ‘பழுதறியும் வாய்’ என்று வேறு பெயர் சூட்டி, தொழிற்சாலைச் சோதனைக்குத் தேவை என்று சொல்லி வடிவமைப்பில் நுழைத்தார். கொஞ்ச நாளில் குட்டு உடைந்தது. வாயை அடைத்துவிட்டார்கள். ஆனால் நினைவகத்தைப் பிற்பாடு கூட்டிக்கொள்ள வழிசெய்யும் சில கம்பித் தடங்கள் மட்டும் பலகையில் தங்கிவிட்டன. சால்டரிங் தெரிந்தவன் பிழைத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம்தான்.

1984 ஜனவரி 24 அன்று அந்தப் பெட்டி வெளிவந்தது. விலை 2,495 டாலர், நினைவகம் 128 கிலோபைட். அதைத் திறக்க, அன்று சாதாரணமாக யார் வீட்டிலும் இருக்காத நட்சத்திர முனைத் திருப்புளி வேண்டும். அதுவும் நீளத் தண்டு உள்ளதாக இருக்க வேண்டும், ஏனென்றால் திருகாணிகள் கைப்பிடிக் குழிக்குள் ஆழப் புதைந்திருந்தன. விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளே கிடையாது. மௌஸைத் தொடாமல் யாரும் தப்பிவிடக் கூடாதாம். அதே கம்பெனியில் ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள் டூ கணினியின் மூடியையோ வெறுங்கையால் தூக்கிவிடலாம். உள்ளே 8 செருகுவாய்கள் வரிசையாக இருக்கும்.

கணினி, கைப்பேசிப் பைத்தியங்கள் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த மூடியில் வந்துதான் நிற்கும். கேமரா, பேட்டரி, பிராசஸர் எல்லாம் முன்னுரை. ஐபோனா ஆண்ட்ராய்டா, விண்டோஸா லினக்ஸா என்று குரல் ஏறும்போது அவர்கள் சண்டையிடுவது பொருளைப் பற்றி அல்ல. வாஷிங் மெஷின் பிராண்டுக்காக யாரும் நண்பனோடு பேசுவதை நிறுத்தியதில்லை. இங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்தச் சூட்டுக்கு மதத்தின் வாசனை இருப்பதை முதலில் ரசித்து எழுதியவர்களில் ஒருவர் இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ. 1994-ல் ‘லெஸ்ப்ரெஸ்ஸோ’ வார இதழில் எழுதிவந்த பத்தியில், மேகிண்டோஷ் கத்தோலிக்கம், டாஸ் இயங்குதளம் புராட்டஸ்டன்ட் என்று அவர் பிரித்தார். மேகிண்டோஷ் பக்தனைக் கைபிடித்து, படம் படமாகக் காட்டி, கடைசிப் படி வரை கூட்டிப்போகும். டாஸில் அவரவரே வேதத்தைப் படித்துப் பொருள் சொல்லிக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் மோட்சம் உறுதியில்லை. டாஸின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த அன்றைய விண்டோஸை ஆங்கிலிக்கன் சபை போன்ற பிளவு என்றார்: கோயில் சடங்கெல்லாம் விமரிசையாக நடக்கும், வேண்டியபோது பழைய டாஸுக்கும் போய்விடலாம். தன் ‘ஃபூக்கோவின் ஊசல்’ நாவலில் ஒரு கணினிக்கு அபுலாஃபியா என்ற யூத ஞானியின் பெயரை வைத்தவர் எக்கோ. இந்த விளையாட்டு அவருக்குக் கைவந்த கலை.

வேடிக்கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் பார்த்தது பெரும்பாலும் சடங்கை. ஆர்வலர்களின் சண்டையில் அதைவிட ஆழமான ஒரு கேள்வி கிடக்கிறது: கரைசேர்வது யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை ஐரோப்பாவுக்குப் போகாமல் ஸ்ரீரங்கத்திலும் காஞ்சியிலுமே நூற்றாண்டுக் கணக்கில் நுணுக்கி நுணுக்கி ஆராய்ந்திருக்கிறார்கள்.

ராமானுஜருக்குப் பின் வந்த வைணவ ஆசாரியர்களிடையே சரணாகதி பற்றிக் கருத்து வேறுபாடு வளர்ந்தது. பிள்ளை லோகாசாரியரின் வழியைப் போற்றுவோர் தென்கலையார் என்றும், வேதாந்த தேசிகரின் வழியைப் போற்றுவோர் வடகலையார் என்றும் பிற்காலத்தில் பிரிந்தார்கள். பூனை தன் குட்டியை வாயால் கவ்வித் தூக்கிப்போகும்; குட்டி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இது தென்கலையாருக்குச் சொல்லப்படும் மார்ஜார நியாயம். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். அது வடகலையாரின் மர்க்கட நியாயம். காஞ்சியில் கோயில் யானைக்கு எந்த நாமம் இடுவது என்ற தகராறு வழக்காகி நீதிமன்றம் வரை போன கதையை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் அடியில் இருந்த வாதம் சிரிப்புக்குரியதல்ல. ஜீவன் ஒன்றுமே செய்ய வேண்டாம், அருள் ஒன்றே போதும் என்றால், இறைவன் ஏன் எல்லாரையும் இன்றைக்கே காப்பாற்றவில்லை, ஒருவனை எடுத்து ஒருவனை விடுவது பாரபட்சம் ஆகாதா என்று கேட்டது தேசிகர் பக்கம். ஆகவே நம் பக்கத்திலிருந்து ஒரு சாக்காவது, ஒரு வியாஜமாவது வேண்டும் என்றது. நம் செயலை ஒரு வழியாக எண்ணிக்கொள்வதே அவன் சுதந்திரத்துக்கு இழுக்கு, ‘நான் சரணடைந்தேன்’ என்ற நினைப்பும் அகங்காரத்தின் மிச்சம் என்றது மறுபக்கம்.

பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் ஒன்று இதில் உண்டு. குரங்குக் குட்டியும் தானாகத் தாவுவதில்லை. கிளைவிட்டுக் கிளை தாவுவது தாய்தான். குட்டியின் வேலை பிடியை விடாதிருப்பது மட்டும்.

கணினி உலகில் பிடியை விடாதவர்களின் தலைமை ஆசாரியர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980 வாக்கில் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் அச்சுப்பொறியைக் கொடுத்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கும். பழைய பொறியில் சிக்கல் வந்தால் காத்திருப்பவர்களின் திரையில் அறிவிப்பு வருமாறு ஸ்டால்மன் நிரலைத் திருத்திவைத்திருந்தார். புதியதற்கு மூல நிரல் தரப்படவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அது ஒருவரிடம் இருப்பதாக அறிந்து போய்க் கேட்டார். வெளியிடமாட்டேன் என்று கையெழுத்திட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்தக் கோபமும் ஒரு விதையாகி முளைத்ததுதான் 1983-ல் அறிவித்த ‘குனு’ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம். பயனர் தன் கருவியின் நிரலைப் படிக்க, திருத்த, பகிர உரிமை உள்ளவர் என்பது அவர் சித்தாந்தம். ஸ்டால்மன் கைப்பேசியே வைத்துக்கொள்வதில்லை. ஆனால் தன்னையே கிண்டல் செய்துகொள்ளவும் தெரிந்தவர்: அங்கி அணிந்து, பழைய ஹார்ட் டிஸ்க் தட்டை ஒளிவட்டமாகத் தலையில் மாட்டிக்கொண்டு, ‘ஈமாக்ஸ்’ எடிட்டரின் பெயரிலான திருச்சபையின் புனிதராக மேடையில் தோன்றுவார். எதிர்முகாமின் ‘விஐ’ எடிட்டரின் கட்டற்ற வடிவத்தைப் பயன்படுத்துவது பாவமல்ல, பிராயச்சித்தம்தான் என்று அருள்பாலிப்பார்.

எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டால் யாரையும் நம்ப வேண்டியதில்லை என்பது இந்த முகாமின் உள்மனக் கனவு. அந்தக் கனவுக்கு மரண அடி விழுந்தது, மேகிண்டோஷ் வெளிவந்த அதே 1984-ல். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், தான் பெற்ற டூரிங் விருதுக்கான உரையைக் கட்டுரையாக வெளியிட்டார். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள்ளேயே ஒரு கள்ளக்கதவை வைக்கலாம். அந்தக் கம்பைலர் தன் அடுத்த பதிப்பைத் தயாரிக்கும்போது அதற்குள்ளும் அந்தக் கதவைத் தானே பதித்துவிடும். அதன்பின் மூல நிரலில் தடயமே இருக்காது என்று காட்டினார். அதாவது வரி வரியாகப் படித்தவனும் ஏமாறலாம். முழுக்கத் தானே எழுதாத எதையும் முழுக்க நம்ப முடியாது. தானே எழுதியதும் பிறர் செய்த சிப்பில்தான் ஓடுகிறது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், இதற்குக் கிட்டத்தட்ட ஒரு நேரடி விளக்கம் கிடைத்தது. லினக்ஸ் உலகில் பரவலாகப் புழங்கும் ‘எக்ஸ்இசட்’ என்ற சுருக்க மென்பொருளில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒழுங்காக உழைத்துப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றார். பின்பு கள்ளக்கதவைச் செருகினார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைக்கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கண்டு உறுத்தலாகி, நூல் பிடித்துப்போய் அதைக் கண்டுபிடித்தார். திறந்த மென்பொருளின் அன்பர்கள் இதைத் தங்கள் வெற்றியாகச் சொல்கிறார்கள், எதிரிகள் தோல்வியாகச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆயிரம் கண்கள் பார்க்கின்றன என்ற பெருமை பொய்த்தது. பார்க்க நினைத்த ஒருவரைத் தடுக்கப் பூட்டு எதுவும் இல்லை என்பது மெய்யாயிற்று.

அப்படியானால் பூனைக்குட்டிகள் சொல்வதுதான் சரியா? நம்பித்தான் ஆக வேண்டும் என்றால், நிம்மதியாக ஒரே இடத்தில் நம்பிவிட்டுப் போகலாமே? இந்த வாதத்தை ஆர்வலர்கள் இளக்காரமாகப் பார்ப்பது அழகல்ல. மருத்துவருக்கோ பஸ் ஓட்டுநருக்கோ ஒவ்வொரு அப்டேட்டையும் ஆராயும் கடமை இல்லை. எல்லாக் கருவியின் வயிற்றையும் கிழித்துப் பார்ப்பவனுக்கு வேறு வேலை ஓடாது.

உவமை முறிவது வேறு இடத்தில். ஆசாரியர்களின் வாதம் எத்தனை முற்றினாலும், தாயின் அன்பை இரு தரப்பாரும் சந்தேகித்ததில்லை. இங்கே தாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டிய பங்குதாரர்கள் இருக்கிறார்கள். 2009 ஜூலையில் அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து சில நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. அமெரிக்காவில் விற்கும் உரிமையில்லாத ஒருவர் அவற்றை விற்றிருந்ததே காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். அழிக்கப்பட்டவற்றுள் ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ இருந்தது! எந்தப் பத்திரிகை விட்டுவைக்கும்?

2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது இன்னும் சுவாரசியமானது. பழைய பேட்டரியுள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்துவந்தது. வயதான லித்தியம் பேட்டரியின் உள்தடை கூடும். திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து போன் அணைந்துவிடும். வேகத்தைக் குறைத்தால் அது நடக்காது. பொறியியல்படி குற்றமில்லாத முடிவு. ஆனால் போன் மந்தமானதற்குக் காரணம் பேட்டரி என்று தெரியாமலே எத்தனையோ பேர் புதிய போன் வாங்கியிருப்பார்கள். எதிர்ப்புக்குப் பின் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020-ல் பிரான்சு 25 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது, சொல்லாமல் செய்ததற்காக. கவ்வித் தூக்கியதில் பிழையில்லை. எங்கே கொண்டுபோகிறோம் என்று மறைத்ததில்தான்.

தமிழில் படிக்க விரும்பியவர்களுக்கு இந்தப் பூனை-குரங்குத் தத்துவம் புத்தகத்தில் படிக்க வேண்டியதாகவே இருந்ததில்லை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்போது ஓபரா மினி உலாவியின் மறைவான அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஒரு சுவிட்சை மாற்றினால், சர்வரிலேயே எழுத்துகள் படமாக்கப்பட்டு வந்து சேரும். இந்த வித்தை வாய்வழியாகவே பரவியது. துணிந்தவர்கள் போனை ரூட் செய்து எழுத்துருவை நுழைத்தார்கள். லினக்ஸில் தன்னார்வலர்கள் யாரையும் கேட்காமல் கேடீஇ, க்னோம் திரைகளைத் தமிழாக்கினார்கள். அந்தக் காலத்து மொழிபெயர்ப்பு சில நேரம் வயிற்றைக் கலக்கும் என்பது வேறு விஷயம். மறுபக்கம், ஆப்பிள் கணினிகளில் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு கச்சிதமாக உள்ளேயே வந்தது. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் 2013-ல் வந்தன. வந்தபோது அழகாக வந்தன. அதுவரை காத்திருப்பதைத் தவிரப் பயனர் செய்யக்கூடியது அதிகமில்லை. அருள் வந்தால் குறைவில்லாமல் வருகிறது, எப்போது வரும் என்று கேட்க வழியில்லை. தேசிகர் பக்கத்தாரின் பழைய பாரபட்சக் கேள்வி இங்கே மொழிகளுக்குப் பொருந்துகிறது: இந்த மொழிக்கு முதலில், அந்த மொழிக்குப் பிறகு என்று யார் வரிசை போட்டது?

இப்போது வழக்கு உதிரிபாகங்களுக்கு வந்திருக்கிறது. கைப்பேசியின் திரைக்கும் கேமராவுக்கும் தனித்தனி அடையாள எண் உண்டு. அது தாய்ப்பலகையோடு மென்பொருளால் ஜோடி சேர்க்கப்பட்டிருக்கும். 2021-ல் ஐபோன் 13-இன் திரையை வெளிக்கடையில் மாற்றினால் முகமறிதல் வேலை செய்யாமல் போயிற்று. கூச்சல் எழுந்த பின் ஆப்பிள் அதைத் திருத்தியது. உதிரி மாற்றிப் பிழைக்கும் சென்னை ரிச்சி தெருக் கடைக்காரருக்கு இது சோற்றுப் பிரச்சினை. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம், இப்படி ஜோடி சேர்த்துப் பழுதுபார்ப்பதைத் தடுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. கூகுள் ஆதரித்தது. ஆப்பிள் பாதுகாப்பைக் காரணம் காட்டி எதிர்த்தது. அடுத்த மாதமே ஆப்பிள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இலையுதிர்காலம் முதல் சில புதிய ஐபோன்களில், வேறொரு போனிலிருந்து கழற்றிய அசல் உதிரிகளையும் பொருத்தலாம். திருட்டுப் போன்களை உடைத்து விற்பதைத் தடுக்க, கழற்றிய உதிரிகளுக்கும் தன் பூட்டு நீளும் என்று அதே அறிவிப்பிலேயே சொன்னது. போனைப் பறிகொடுத்த ஆர்வலர் அந்தப் பகுதியைத்தான் முதலில் படித்திருப்பார்.