நடுப்படி

பரங்கிமலையை மலையென்று சொல்லத் தயங்குகிறவர்கள் சென்னையிலேயே உண்டு. ஏறத்தாழ 300 அடி உயரம்; ஏற விரும்பாதவர்களுக்கு வாகனம் செல்லும் பாதை; நகரமே வளர்ந்து வந்து அடிவாரத்தைச் சூழ்ந்துகொண்டுவிட்டது. ஆயினும் காசிமேடு முதல் எண்ணூர் வரையில் மணலும் சமதரையுமாகவே கிடக்கிற பூமியில் பிறந்து, திருவொற்றியூரிலேயே வயதும் முதிர்ந்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு, ஒரு மாலைப் பொழுதுக்குள் போய் ஏறி இறங்கித் திரும்பக்கூடிய உயரம் அது ஒன்றுதான். மெட்ரோ ரயிலில் ஆலந்தூர் வரை சென்று, வண்டி மாறிப் பரங்கிமலையில் இறங்கி, படிக்கட்டின் அடியில் நிற்கும்போது, நகரத்தின் வட எல்லையிலிருந்து தென் எல்லைக்கு யாத்திரை வந்துவிட்ட திருப்தி உண்டாகிறது.

அந்தப் படிகளைச் செய்வித்தவர் ஓர் ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டிய பெட்ரஸ் உஸ்கான்தான் அவர். உச்சியில் 1523இல் போர்த்துகீசியர் எழுப்பிய மாதா கோயில் இருக்கிறது. படிகளின் ஓரமாகச் சிலுவைப்பாதையின் 14 நிலைகளும் அமைந்திருப்பதால், ஏறுகிறவர்கள் சாவகாசமாக நின்று நின்று ஏறுவது அங்கே இயல்பு. நான் சொல்ல வந்த மூதாட்டியும் அவ்வாறு நிற்கிறவராகத்தான் முதலில் எனக்குத் தோன்றினார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில் நடந்தது இது. எழுபது வயதிருக்கும், உடன் ஒரு பேத்தி. பாதி தூரத்துக்குச் சற்று மேலே படி ஒன்றில் அவர் உட்கார்ந்து, காலிலிருந்த செருப்பைக் கழற்றினார். கழற்றிய செருப்பு, ஏறி வந்த கால் வைத்தபடியே, நுனி மேலே பார்த்துக் கிடந்தது. அவர் குனிந்து, இரண்டையும் கையால் எடுத்து, நுனி அடிவாரத்தைப் பார்க்கும்படி திருப்பி, ஜோடியாகச் சேர்த்து வைத்தார்.

"ஆயா, இன்னும் கொஞ்சந்தான், வா" என்றாள் பெண்.

"நீ போய்ட்டு வா கண்ணு. எனக்கு இது போதும்."

அவள் போய்விட்டாள். மூச்சு வாங்கியதனால் நானும் அதே படியின் மறுகோடியில் உட்கார்ந்தேன். அவருக்கு மூச்சு வாங்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊர்த் தெருக்கள் வரையில் நடந்தே விற்றவர் என்று பேச்சினிடையே தெரியவந்தது. "ஏம்மா, மேலே ஏற முடியலையா?" என்று கேட்டேன். "முடியாம என்னப்பா? தெம்பு இருக்குது. இது போதும்" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. மேலே போய்த் தரிசித்து நான் இறங்கி வருவதற்குள், பாட்டியும் பேத்தியும் போய்விட்டிருந்தார்கள்.

சம்பவம் இவ்வளவே. ஆனால் அந்தச் செருப்பு என்னை விடுகிறபாடாயில்லை. இளைப்பாற உட்காருகிறவர் செருப்பைத் திருப்பி வைப்பதில்லை. சற்று நேரத்தில் மறுபடி ஏற வேண்டியவருக்கு அதனால் பிரயோஜனமும் இல்லை. திருப்பி வைத்த அந்தக் கணத்திலேயே, பேத்தி அழைப்பதற்கு முன்பே, அவர் முடிவு செய்துவிட்டார் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. களைப்பும் இல்லை, நோயும் இல்லை, உச்சியோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அப்படியிருக்க ஒரு மனிதர் தம் பிரயாணத்தை நடுவிலேயே பூரணமாயிற்று என்று எதைக்கொண்டு நிச்சயித்தார்?

என் தகப்பனார் இதை ஒப்புக்கொண்டிருக்கமாட்டார். தீப்பெட்டி ஆலையில் ஷிப்டு வேலை பார்த்த அவருக்கு விடுமுறை கிடைக்கிற கிருத்திகைகளில், எங்களை ரயிலேற்றித் திருத்தணிக்கு அழைத்துச் செல்வார். அங்கே படிகள் 365, வருஷத்தின் நாட்களுக்குக் கணக்காக. ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே ஏற வேண்டும். இடையில் எண்ணிக்கை தவறினால், தவறிய இடம் வரையில் இறங்கி வந்து மறுபடி எண்ண வேண்டும். கடைசிப் படியில் நின்று எங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் சந்நிதிக்குள் நுழைவார். எடுத்த காரியத்தை முடிக்காமல் விடுவது அவர் அபிப்பிராயத்தில் பசியோடு இலையை விட்டு எழுவதற்குச் சமானம். அந்த உபதேசம் என் எலும்பில் ஊறியது. எத்தனையோ புத்தகங்களை, எத்தனையோ கடமைகளை, சில சிநேகங்களைக்கூட, அவற்றின் சாரம் வற்றிப்போன பின்னும் கடைசிப் படி வரையில் கொண்டுபோய் முடித்திருக்கிறேன். அவற்றால் எனக்கு நன்மையே விளைந்தது. தகப்பனார்மீது எனக்குக் குறையொன்றும் இல்லை.

ஆனால் அதே பாலிய காலத்தில் எனக்கு வேறொரு மலையும் இருந்தது. துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணல் அங்கேயே தடைப்பட்டு, மெரினாவில் கரை அகன்றது. எங்கள் பக்கத்தில் கடல் தெருத்தெருவாக விழுங்கத் தொடங்கியது. அதைத் தடுக்க உள்நாட்டுக் குன்றுகளை உடைத்து லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து கொட்டினார்கள். பள்ளி விட்டதும் நாங்கள் ஏறியது அந்த உடைந்த மலையின்மேல்தான். அதற்கு உச்சி கிடையாது. எந்தக் கல் உட்கார வசதியாக இருந்ததோ அதுவே அன்றைய முடிவு. அங்கிருந்து தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருப்போம். கடைசிக் கல்வரை போனாயா என்று எங்களை ஒருவரும் விசாரித்ததில்லை. திருத்தணியில் கற்றது ஒன்று, கடற்கரையில் கற்றது ஒன்று. இரண்டும் இத்தனை காலம் ஒன்றையொன்று சந்திக்காமலே எனக்குள் இருந்தன. அந்தப் படியில் திருப்பி வைக்கப்பட்ட செருப்பு அவற்றை எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

எங்கள் ஊர்க் கடலோரத்தில்தான் பட்டினத்தடிகளின் சமாதி இருக்கிறது. எப்போதோ படித்து, பாதி மறந்துபோன சரித்திரம்: செல்வத்தைத் துறந்து தலந்தலமாகத் திரிந்த அவர் கையில் ஒரு பேய்க்கரும்பு இருந்தது, எந்த இடத்தில் அதன் நுனி தித்திக்கிறதோ அதுவே முக்தி பெறும் இடம் என்பது அவருக்குக் கிடைத்த அடையாளம், அது தித்தித்த இடம் திருவொற்றியூர். சிறுவயதில் கேட்டபோது கரும்பு இனித்த அற்புதமே பெரிதாகத் தோன்றிற்று. இப்போது வேறொன்று தோன்றுகிறது. அவருடைய அலைச்சல் கயிலாயச் சிகரத்தில் முடியவில்லை. எவ்வித உயரமும் இல்லாத ஒரு மணற்கரையில் முடிந்தது. முடியும் இடத்தை நிலத்தின் அமைப்பு சொல்லவில்லை. கையிலிருந்த கரும்பு சொல்லிற்று. அந்த மூதாட்டிக்கும் அப்படி ஏதோ ஒன்று தித்தித்திருக்குமோ?

இப்படி எண்ணி ஆறுதல் கொள்ளப் பார்த்தால், அதே பரங்கிமலை குறுக்கே வந்து நிற்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன், அந்த மலைக்கு அருகே சங்கிலி பிடித்து, ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். பாரத தேசம் முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெருமுயற்சிக்கு அதுவே ஆரம்பம். அளந்துகொண்டே வடக்கு நோக்கிச் சென்ற அவர், 1823இல் ஹிங்கன்காட் என்னும் ஊரில் காலமானார். வேலை பாதியில் நின்றது. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அதை இமயத்தின் அடிவாரம் வரையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். லாம்டன் தம் செருப்பைத் திருப்பி வைத்தவர் அல்லர். வடக்கே பார்த்த காலோடு மாண்டவர். சென்னையின் ஒரு சிறிய மலையிலிருந்து உலகத்தின் மிக உயர்ந்த மலையை அளக்கும் வழி பிறந்தது, போதும் என்று சொல்லத் தெரியாத ஒரு மனிதராலேயே. எல்லோரும் நடுப்படியில் நிறைவு கண்டிருந்தால் அந்தப் படிகளைத்தான் யார் கட்டியிருப்பார்கள்?

இத்தனை வியாக்கியானங்களுக்கும் அவசியமே இல்லாதிருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியாமலில்லை. மலைக்கு வந்தது பேத்தியின் நேர்த்திக்கடனுக்காக இருக்கலாம். பாட்டி துணைக்கு வந்தவராக மட்டும் இருக்கலாம். வீட்டு வாசல்தோறும் கூடையை இறக்கி, செருப்பை விட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு கிளம்பியே ஆயுளைக் கழித்த ஒருவருக்கு, செருப்பைப் போகிற திசைக்குத் திருப்பி வைப்பது வெறும் கைப்பழக்கமாகவும் இருக்கலாம். ஆனால் "தெம்பு இருக்குது" என்றபோது அந்த முகத்தில் இருந்த தெளிவைப் பழக்கம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. உச்சியில் தரிசித்துவிட்டு இறங்கிய என் முகத்தில் அது இருந்திருக்கும் என்று நான் நம்பவும் இல்லை.

எனவே, முடிப்பது எப்போது தர்மம், நிறுத்துவது எப்போது தர்மம் என்று பிரித்தறியும் அளவுகோல் என்னிடம் இல்லை. என் வயதில் அது அவசியமாகத் தேவைப்படுகிறது. வாசகர்களில் யாருக்கேனும் அது கிட்டியிருக்குமானால், அன்புகூர்ந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறேன்.