விடாமுயற்சியும் வீண்முயற்சியும்

விடாமுயற்சியை அறமாகப் போற்றாத ஆசிரியர் இல்லை. தோற்றவன் எழ வேண்டும், எழுந்தவன் மீண்டும் முயல வேண்டும் என்று பள்ளிப் பருவந்தொட்டே பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. சொல்லப்படுவது நன்றே. ஆயினும், ஒரே செயலை ஒரே முறையில் மும்முறை செய்து மும்முறையும் தோற்பவனை விடாமுயற்சி உடையவன் என்று கூறுதல் பொருந்துமா? இவ்வினாவைப் பேரரசர்களின் வரலாற்றில் வைத்து ஆராய்வதைவிட, எண்ணெய்க் கறை படிந்த ஒரு பட்டறையில் வைத்து ஆராய்வது தெளிவு தரும்.

போர்ட் டிக்சன், பத்து பெரிங்கி போன்ற கடற்கரைகளுக்குச் சென்றோர் ஜெட் ஸ்கி எனப்படும் சிறு நீரூர்தியைக் கண்டிருப்பர். அமெரிக்கரான கிளேட்டன் ஜேக்கப்சனின் எண்ணத்தில் தோன்றிய அது, 1973இல் கவாசாகி நிறுவனத்தின் வழியே அப்பெயருடன் சந்தைக்கு வந்தது. இன்றைய ஊர்திகளில் பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களே உள்ளன. பழையவற்றில் இருந்தது டூ ஸ்ட்ரோக் எஞ்சின்.

அத்தகைய பழைய ஊர்தி ஒன்றை வாங்கிய ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சில வாரங்களில் எஞ்சின் நடுக்கடலில் இறுகி நின்றுவிடுகிறது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் பக்கங்கள் தேய்ந்து, அதன் அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பிக் கிடக்கிறது. சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்டனும் புதிய ரிங்குகளும் போடுகிறார். எஞ்சின் ஓடுகிறது; மீண்டும் இறுகுகிறது. பிஸ்டன் மட்டமான சரக்கு என்று கடைக்காரர்மேல் பழி விழுகிறது. மூன்றாம் முறை விலையுயர்ந்த பிஸ்டன் வருகிறது. அதற்கும் அதே முடிவு. இனிப் பழியை ஏற்க எஞ்சியிருப்பது ராசி ஒன்றுதான்!

உண்மையில் பிஸ்டன் குற்றவாளி அன்று, கொலையுண்டதே அது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் எண்ணெயும் கலந்த கலவை முதலில் கிராங்க் அறைக்குள் புகுந்து, பிறகே சிலிண்டருக்கு ஏறுகிறது. கிராங்க் தண்டின் முனையிலுள்ள ரப்பர் ஆயில் சீல் சிறிது நைந்திருந்தால் போதும். அதன் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். காற்று மிகுந்து பெட்ரோல் குறைய, வெப்பம் ஏறும். எண்ணெய்ப் படலம் அறும். விரிந்த பிஸ்டன் சுவரைப் பற்றிக்கொள்ளும். கார்புரேட்டரில் அழுக்கு அடைத்தாலும், குளிர்விக்கும் நீர் தடைப்பட்டாலும் ஏறத்தாழ இதே கேடுதான். உடைந்த பொருள் தான் உடைந்த இடத்தைக் காட்டுமேயன்றி, உடைத்தவனைக் காட்டாது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. கலவையில் பெட்ரோல் குறைந்த எஞ்சின், கெடுவதற்குச் சற்று முன்னர் வழக்கத்தைவிடத் துடிப்பாக ஓடுவதுண்டு. உரிமையாளரும் தம் கைவேலை பலித்ததென மகிழ்ந்து இன்னும் விசையைத் திருகுவார்.

அவர் ஏன் சீலைப் பார்க்கவில்லை? அறியாமை என்று விடை கூறுவது எளிது. அது முழு விடையாகாது. சீல் விலை மலிவானது. ஆனால், அதை மாற்ற எஞ்சினை முழுவதும் வெளியே தூக்கிக் கிராங்க் அறையையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் தடவையே அவர் மனத்தில் அந்த ஐயம் எழுந்திருக்கக்கூடும். 'இருக்கட்டும், நன்றாகத்தானே இருக்கிறது' என்று கடந்திருப்பார். இப்போது சீலைத் தேடுவதென்றால், முதல் தோல்விக்குக் கடைக்காரரும் ராசியும் காரணமாக இருக்கலாமேனும், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் தாமே காரணம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய பிஸ்டனுக்குப் பணம் கொடுப்பது அதைவிட எளிது. மனிதர் உழைப்புக்கு அஞ்சுவதைக் காட்டிலும் தம் பிழையைக் காண்பதற்கே மிகுதியும் அஞ்சுகின்றனர்.

நோயின் காரணத்தை நாட வேண்டும் என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் கூறியதை மாணவர் ஒப்பிப்பர், ஆசிரியர் விளக்குவர். அதே ஆசிரியர், தேர்வில் மும்முறை தவறிய மாணவனிடம் 'இன்னும் முயற்சி செய்' என்று மட்டும் சொல்லி அனுப்பும்போது அவர் செய்வது பிஸ்டன் மாற்றும் வேலையே. அவனுக்குக் கரும்பலகை கண்ணில் தெரிகிறதா, வீட்டில் அமர்ந்து படிக்க ஒரு மூலையேனும் உண்டா என்று கேட்போர் சிலரே.

அப்படியாயின் கைவிட்டுவிடலாமே என்பர் சிலர். பழைய எஞ்சினுக்குச் செலவழிப்பதைவிட அதைக் கழித்துப் போடுவது அறிவுடைமை என்பது அவர்தம் வாதம். அதனை முற்றிலும் மறுக்க இயலாது. விடாப்பிடி வேறு, விடாமுயற்சி வேறு. ஆனால், கைவிடுவோர் பலர் எஞ்சினைக் கழித்துப் போடுவதில்லை, விற்றுவிடுகின்றனர். 'நன்றாக ஓடுகிறது' என்று சொல்லி விற்கின்றனர். அன்றைக்கு அது பொய்யும் அன்று. வாங்குபவர் ஓட்டிப் பார்க்கும்போது அந்தக் கள்ளத் துடிப்பும் சேர்ந்து சாட்சி சொல்லும். இங்கேதான் பட்டறைக் கேள்வி அறக் கேள்வியாகிறது. ஜெட் ஸ்கிக்குச் சுக்கான் கிடையாது. பின்புறக் குழாயிலிருந்து பீறிடும் நீரைத் திருப்பியே அது திசை மாறுகிறது. எஞ்சின் நின்றால் நீர்ப் பாய்ச்சலும் நிற்கும். கைப்பிடியை எப்பக்கம் திருப்பினும், ஊர்தி தான் போன போக்கிலேயே வழுக்கிச் செல்லும். எதிரே நீந்துபவர் இருந்தாலும் பாறை இருந்தாலும் அதற்கு ஒன்றே. மும்முறை நின்ற எஞ்சின் நான்காம் முறையும் நிற்கக்கூடும் என்பதை அறிந்தவர் விற்பவர் ஒருவர்தாம். ஏறி அமர்வதோ வேறொருவர் பிள்ளை.

இதற்குப் பட்டறையில் ஒரு சோதனை உண்டு. எஞ்சினின் வாய்களையெல்லாம் அடைத்து, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 6 பவுண்டு அழுத்தத்தில் காற்றை ஏற்றி, சோப்பு நீரைத் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அழுத்தமானியின் முள் அசையாமல் நின்றால் கசிவு இல்லை. இறங்கினால், எங்கோ ஓரிடத்தில் குமிழி கிளம்பும். அந்தச் சில நிமிடங்கள் செய்வதற்கு வேலை ஒன்றுமில்லை. திருகவோ தட்டவோ எதுவுமில்லை. அவர் முள்ளையே பார்த்தபடி நிற்க வேண்டியிருக்கிறது.