துணை ஆயரும் மலையகமும்

கத்தோலிக்கத் திருச்சபையில் துணை ஆயர் என்பவர், மறைமாவட்ட ஆயருக்கு உதவியாகத் திருத்தந்தை நியமிக்கும் ஆயர். திருநிலைப்பாட்டில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மறைமாவட்டத்தை ஆளும் பொறுப்பு அவருடையதன்று. அதனால், இன்று வழக்கிழந்த பழைய மறைமாவட்டம் ஒன்றின் பெயர் அவருக்குப் பட்டமாக வழங்கப்படுகிறது.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, அவரைக் குருமுதல்வராகவோ ஆயரின் பதிலாளாகவோ நியமிக்க வேண்டும். பெயருக்கு ஒரு பதவியாக அது இருந்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். ஆயருக்கு உதவியாக நியமிக்கப்படும் மற்றொரு வகையினரான இணை ஆயருக்கு வாரிசுரிமை உண்டு. துணை ஆயருக்கு இல்லை. ஆயர் பதவி வெற்றிடமானால், 8 நாட்களுக்குள் தெரிவாக வேண்டிய நிர்வாகி பொறுப்பேற்கும்வரை துணை ஆயரே மறைமாவட்டத்தைக் கவனிப்பார்.

இந்தப் பதவியின் தேவையை இலங்கையின் மலையகத்தில் தெளிவாகக் காணலாம். கண்டி, மாத்தளை, நுவரெலியா ஆகிய மூன்று மாவட்டங்களும் கண்டி மறைமாவட்டத்துக்குள் அடங்கும். நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் தோட்டங்கள் மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் மறைமாவட்டம் முழுவதையும் ஆயர் சந்தித்து முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். தாமே செல்ல இயலாதபோது துணை ஆயரை அனுப்பலாம்.

தொலைவோடு மொழியும் சேர்கிறது. தோட்டத் தமிழரும் சிங்களவரும் ஒரே மறைமாவட்டத்தின் மக்கள். வேற்று மொழி பேசும் இறைமக்களுக்கு அவர்களது மொழியில் தேர்ந்த பதிலாள் ஒருவரை, தேவையானால் ஆயர் நிலையிலேயே, நியமிக்கலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வழிகாட்டியது. லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பில் வாழும் தொழிலாளி தன் துயரைத் தன் மொழியில் ஆயரிடம் சொல்ல முடிவது சலுகையன்று. அது மேய்ப்புப் பணியின் அடிப்படை.

பணிச்சுமைக்கு மற்றொரு தீர்வு, மறைமாவட்டத்தைப் பிரிப்பது. 1972இல் கண்டியிலிருந்து பதுளை மறைமாவட்டம் பிரிந்தபோது, கண்டி ஆயராக இருந்த லியோ நாணாயக்கார அதன் முதல் ஆயரானார். இரு வழிகளும் ஒன்றையொன்று தொடர்வதும் உண்டு. திருகோணமலை–மட்டக்களப்பு மறைமாவட்டத்துக்கு 2008இல் துணை ஆயராக நியமிக்கப்பட்ட ஜோசப் பொன்னையா, 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானபோது அதன் முதல் ஆயரானார்.

பிரிவினை ஆட்சிப் பொறுப்பையே இரண்டாக்குகிறது. துணை ஆயரின் நியமனம் அதை ஒருவரிடமே விட்டுவைத்து, உழைப்பைப் பகிர்ந்துகொடுக்கிறது. ஆகவே, முக்கிய முடிவுகளில் இருவரும் கலந்தாலோசிக்க வேண்டும் என்று சட்டம் பணிக்கிறது. மறைமாவட்ட ஆயரைப் போலவே துணை ஆயரும் 75 வயது நிறைந்ததும் பதவி விலகல் கடிதத்தைத் திருத்தந்தையிடம் அளிக்கிறார்.