மூச்சை அடக்காமல் மூழ்குவது

ஸ்கூபா பழக எங்கே போவது என்ற பேச்சு முதலில் மாலத்தீவு என்றுதான் தொடங்கியது. முடிந்தது திருகோணமலையில். எங்கள் ஊர் அண்ணாமலையைப் பாடிய சம்பந்தர் கோணமலையையும் பாடியிருக்கிறார்; அதுவும் கடல் தாண்டாமல், இராமேசுவரத்தில் நின்றபடியே. பெரியபுராணம் அப்படித்தான் சொல்கிறது. எங்களுக்கு விசா வேண்டும்.

*

தீபம் முடிந்து கூட்டம் கலைந்ததும் கிளம்பலாம் என்றாள் மனைவி. கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவக்காற்று அந்தக் கடலைக் கலக்கிவிடும். அப்போது ஸ்கூபாக்காரர்கள் தென்மேற்கே ஹிக்கடுவைப் பக்கம் போய்விடுவார்கள். கிழக்கே தண்ணீர் தெளிவது மே முதல் செப்டம்பர் வரை. இங்கே கிரிவலப் பாதையின் தார் உள்ளங்காலைப் பொசுக்கும் நாட்களில் அங்கே கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசி என்று குறித்தோம்.

*

முத்துக்குளிப்பவர் இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவதை ரமணர் 'நான் யார்?' நூலில் சொல்கிறார். 'உள்ளது நாற்பது' நூலில், தண்ணீரில் விழுந்த பொருளைத் தேடுகிறவன் பேச்சையும் மூச்சையும் அடக்கி மூழ்குகிறான். ஸ்கூபாவின் முதல் விதியோ நேர் எதிர்: எதற்காகவும் மூச்சைப் பிடிக்காதே.

காரணத்தை யோசித்துப் பார்த்தேன். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. முத்துக்குளிப்பவர் மேலே இருக்கும் காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு இறங்குகிறார். கீழே அது சுருங்கும்; ஏறும்போது பழைய அளவுக்கே திரும்பும். சிலிண்டர் கட்டியவர் கீழே, அந்த அழுத்தத்திலேயே, நெஞ்சு நிறைய இழுக்கிறார். அதை அடக்கிக்கொண்டு ஏறினால் உள்ளிருப்பது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். எங்கே வாங்கிய மூச்சு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதை வைத்து ஒரு தத்துவம் சொல்ல இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

*

தண்ணீருக்குள் பேச்சு கிடையாது, சைகைதான். கட்டைவிரலைத் தூக்கினால் 'சூப்பர்' இல்லை, 'மேலே போகலாம்'. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்த வளையம், 'நலமாக இருக்கிறேன்'. மற்ற மூன்று விரல்களும் நிமிர்ந்து நிற்கும். கோயிலின் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தியின் கை.

'நான் யார்?' கேள்விகளை விருபாட்ச குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்டது 1901, 1902 வாக்கில். அப்போது ரமணர் பேசாதிருந்த காலம். சைகையிலும் எழுத்திலும்தான் பதில் வந்தது.

*

நீச்சல் எனக்குப் பம்புசெட் கிணற்றில் வந்தது. முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை மாமா கையில். அடியில் கிடக்கும் காசை எடுக்கப் போனால் பாதி வழியிலேயே காது குத்தும். பல்லைக் கடித்துக்கொண்டு போவோம். அது கூடாதாம். வலி வருவதற்கு முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காதைச் சமன் செய்துகொண்டே இறங்க வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாது.

முத்துக்குளிப்பில் மச்சானைத்தான் கயிறு பிடிக்க விடுவார்கள் என்று தென்கரையில் சொல்வதுண்டு. தங்கை தாலி அவன் கையில் என்ற கணக்கு. ஸ்கூபாவில் கயிறு இல்லை, சோடி உண்டு. என் சோடி மனைவி.

*

மருத்துவப் படிவம் வந்துவிட்டது. ஆஸ்துமா, இதயம், காது அறுவை என்று வரிசையாகக் கேள்விகள். சிலவற்றுக்கு 'ஆம்' என்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும். பழைய முத்துச் சலாபங்களில் இந்த இடத்தில் கடல்கட்டி இருந்தார்: மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். ஆங்கிலேய அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. அவர் கரையில் இல்லாமல் யாரும் குதிக்க மாட்டார்கள் என்று அரசுக்குத் தெரியும்.

எங்களுக்கு முதல் இறக்கம் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில். 2003 முதல் அது தேசியப் பூங்கா. துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் ஆழமில்லாத தண்ணீரிலேயே திரியும். கட்டுவதற்கு ஆள் இல்லை.

*

நான் உண்மையில் பார்க்க விரும்புவது திருகோணமலையில் உள்ள சுவாமிமலைப் பாறையின் அடிவாரத்தை. போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த, சம்பந்தர் பாடிய கோணேசுவரத்தை இடித்துக் கடலில் தள்ளினார்கள். 1956இல் இலங்கைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், நண்பர் மைக் வில்சனுடன் அங்கே மூழ்கி, கோயிலின் தூண்களைக் கண்டார். 1950இல் பக்கத்தில் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருமேனிகள் கிடைத்திருந்தன. ஒளித்து வைத்தவையாக இருக்க வேண்டும். எதைப் புதைத்தார்கள், எது விழுந்தது என்று யோசித்தால் அந்த நாளின் அவசரம் கொஞ்சம் பிடிபடுகிறது.

*

கடைசி இறக்கத்துக்குப் பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. உடம்பில் ஊறிய நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும். மலைக்கும் இதே எச்சரிக்கைதான். மனைவி திட்டத்தில் நுவரெலியா இருந்தது, 1,868 மீட்டர் உயரம். கடலில் இருந்து நேரே அங்கே ஏறுவது வம்பு. அதனால் வரிசையை மாற்றிப் போட்டோம்: தேயிலை முதலில், கடல் பிறகு. போக்குவரத்து நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில், 2023இல் தொடங்கியதில். திரும்பும் வழி முழுக்கத் தரைமட்டம்.